வள்ளுவர் காசை அறுக்க வேண்டாம், பாட்டி பெட்டியில சக்கரம் இருக்கான்னு பாருங்க

குழித்துறை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பா சேர்த்து வச்ச 1995 திருவள்ளுவர் 5 ரூபாய் காசு நாலஞ்சு இருக்காம், தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்தது, அதுல சுத்தி உள்ள தகட்டை அறுத்து எடுத்துட்டு உருவம் மட்டும் நிக்குற மாதிரி டாலர் பண்ணி திருவனந்தபுரத்துல படிக்கிற மகளுக்கு போடணும், நல்லா வந்தா இன்ஸ்டாவுல விக்கவும் செய்யலாம்னு யோசனை, ஆனா பக்கத்து ஆசாரி காசை கையில வாங்கவே தயங்குறாரு, ஏன்? போட்டா கழுத்து அரிக்குமா?

ஆசாரி தயங்குனது சரிதான் தங்கச்சி. 2011 நாணயச் சட்டம் 12வது பிரிவுல காசை உருக்கவோ அழிக்கவோ கூடாது, சிதைச்ச காசை கையில வச்சிருக்கக் கூடாது, ஏன், பணமா கொடுத்து வாங்குறதைத் தவிர வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாதுன்னே இருக்கு. மீறுனா 7 வருஷம் வரை ஜெயில், கூடவே அபராதம். நினைவு நாணயம்தானே, கடையில யாரும் கொடுக்கிறது இல்லையேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, காசுன்னா என்னன்னு சொல்ற இடத்துலயே நினைவு நாணயத்தையும் பேர் சொல்லி சேர்த்திருக்காங்க. யூடியூப்ல அமெரிக்காக்காரன் அவங்க ஊர் 25 சென்ட் காசான குவார்ட்டரை அறுத்து ஜோரா விக்கிறானேன்னா, அங்க ஏமாத்துற எண்ணத்தோட காசை மாத்துனாத்தான் குத்தம், இங்க அப்படி இல்ல.

ஆனா நம்ம சட்டம் காசுன்னு சொல்றது செல்லுபடி ஆகுற காசைத்தான். 25 பைசாவும் அதுக்குக் கீழ உள்ளதும் 2011 ஜூன் 30ஓட செத்துப் போச்சு. அதனால 1969ல காந்தி நூற்றாண்டுக்கு அடிச்ச மஞ்சள் நிற 20 பைசா கிடைச்சா எடுங்க, அதுவும் நினைவு நாணயம்தான், அலுமினிய வெண்கலம், நகை ஆசாரிமார் வச்சிருக்கிற மெல்லிசு பிளேடு ரம்பத்துக்கு நல்லா இணங்கும். காண்டாமிருகம் போட்ட 25 பைசா பாக்க அம்சமா இருக்கும், ஆனா அது எஃகு, பழகாத கைக்கு பிளேடு பிளேடா ஒடியும்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது நம்ம ஊர் காசு. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி பக்கத்துக்காரங்க நாம திருவிதாங்கூர்லயும் அப்புறம் திரு-கொச்சியிலயும் இருந்தவங்கதானே, பாட்டிமார் பெட்டியைக் கிளறுனா சங்கு போட்ட செம்புக்காசு ரெண்டாவது கிடைக்கும். திருவிதாங்கூர் நாணயக் கணக்குல 16 காசு ஒரு சக்கரம், வெள்ளைக்காரன் ரூபாய்க்கு 28½ சக்கரம், அந்தக் கணக்கு தெரிஞ்ச கிழவிகள் இப்பவும் ஒண்ணு ரெண்டு இருப்பாங்க. செம்பு மெத்துனு அறுபடும், சங்கும் அழகா நிக்கும். ஒண்ணு கவனிக்கணும், 100 வருஷம் தாண்டுன காசு தொல்பொருள் கணக்குல வரும், அதனால திருவிதாங்கூர் ராஜா மூலம் திருநாள் காலத்ததை ரம்பத்துக்கு கொடுக்காதீங்க, வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. அவருக்கு அடுத்த ராஜா சித்திரைத் திருநாள் காலத்துல 1930க்குப் பிறகு வந்ததா பாருங்க, அதுலயும் தேஞ்சு போனதா.

வேலை சொல்றேன். எதை விடணும் எதை எடுக்கணும்னு முதல்ல மார்க்கர்ல வரைஞ்சுக்கோங்க, உருவம் வெளி விளிம்பை ரெண்டு மூணு இடத்துல தொட்டுக்கிட்டே இருக்கணும், அந்தப் பாலம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ போனா என்னைக்காவது ஒரு நாள் துப்பட்டாவுல மாட்டி ஒடியும். எடுக்க வேண்டிய ஒவ்வொரு கட்டத்துலயும் சின்ன துளை போட்டு பிளேடை ஒரு பக்கம் கழட்டி உள்ள விட்டு மாட்டணும், பல்லு கைப்பிடியைப் பாத்து கீழ நோக்கி இருக்கணும், தேன்மெழுகு தடவிக்கோங்க, தள்ளாதீங்க, ரம்பம் தன்னால இறங்கும். வளைவுல ரம்பத்தைத் திருப்பாம காசைத் திருப்புங்க. நான் பழகுன காலத்துல ஒரே மத்தியானத்துல ஒரு கட்டு பிளேடு ஒடிச்சேன், திருப்புனதுதான் காரணம். மாஸ்க் போடாம உக்காராதீங்க, உலோகத்தூள் மூக்குக்கு ஆகாது.

அரிப்பு சங்கதி. வள்ளுவர் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, நிக்கல் சிலருக்குச் சேராது, கழுத்து சிவந்து தடிக்கும். மகளுக்கு கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகுமா? ஆகும்னா நிக்கல் பக்கமே போகாதீங்க. செம்பு அப்படி அரிக்காது, ஆனா நம்ம ஊர் வேர்வைக்கு கழுத்துல பச்சையா இறங்கும், பின்பக்கம் மெல்லிசா லாக்கர், அதாவது வார்னிஷ் மாதிரி பூச்சு, அடிச்சா கொஞ்ச நாள் தாங்கும், போகப்போக திரும்ப அடிக்கணும்.

செல்லாத காசுல செஞ்ச டாலரை ரெடிமேடா வாங்குறதா இருந்தா திருப்பிப் பாருங்க. அறுத்த காசுன்னா பின்பக்கத்து எழுத்தும் கோடும் பாதியில வெட்டுப்பட்டு நிக்கும், பின்பக்கமும் ஒழுங்கா இருந்தா அச்சுல வார்த்தது, அதுக்கு அறுத்த காசு விலை கொடுக்காதீங்க.

அப்பாவோட வள்ளுவர் காசை அப்படியே பேப்பர் கவர்ல போட்டு வைங்க. பளபளன்னு இருக்கட்டும்னு புளி போட்டு மட்டும் தேச்சிராதீங்க, தேச்ச காசை சேகரிக்கிறவங்க தொடமாட்டாங்க.