மறதி நோய் ஆராய்ச்சியைத் திட்டமிடும்போதே பலதரப்பட்ட முதியவர்களைச் சேர்ப்பது நடக்கிற காரியமா?

"முதியவர்களைத் திட்டக் குழுவில் சேர்த்தால் வேலை இழுக்கும், அவர்களுக்கு ஆராய்ச்சி புரியாது, பேருக்கு இரண்டு பேரை உட்காரவைத்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இழுக்கும் என்பது உண்மை. மற்ற இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு முதியோர் ஆய்வுக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு லயன் லயனாக, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளாக, இரண்டு வருடம் நடந்தவள். வீட்டில் என் அம்மாவுக்கும் இதே மறதி நோய்.

முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீடு. திண்ணையில் எழுபது தாண்டிய ஓர் அம்மாயி. சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர்; இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய குடும்பம். நான் தாளைப் பார்த்து வாசித்தேன்: "நாம் இப்போது எத்தனையாவது மாடியில் இருக்கிறோம்?" அம்மாயி ஓட்டுக் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்கு ஒடம்புக்கு எதும் சரியில்லையா தாயி?"

அடுத்தது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். "எதுக்குக் கழிக்கணும்?" என்றார். பூஜ்யம் போட்டேன். கிளம்பும்போது சும்மா பேச்சுக்கு, அந்தக் காலத்தில் கொழுந்து எடை போடுவது எப்படி என்று கேட்டேன். "இருபத்தெட்டு கிலோ நிறுத்தா சாக்குக்கும் ஈரத்துக்கும் மூணு கழிவு, கையில இருபத்தஞ்சு. கணக்கப்பிள்ளை நாலு கழிச்சா விடமாட்டேன்ல!" என்று மூச்சுவிடாமல் சொன்னார். என் தாளில் அவருக்குக் கழித்தல் தெரியாது.

நான் வாசித்தது எம்எம்எஸ்இ என்கிற நினைவாற்றல் சோதனை. முப்பது மதிப்பெண் கொண்ட அது 1975-ல் அமெரிக்காவில் உருவானது. மாடி கேள்வி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்காக எழுதப்பட்டது. நம் நாட்டில் இதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்காக இதை 1990களிலேயே ஹிந்தியில் மாற்றி எழுதினார்கள். இது காலையா, மதியமா, சாயங்காலமா என்பதுபோல அதில் கேட்கிறார்கள். ஆனால் ஒரு சோதனையில் நாலு கேள்வியை மாற்றினால், எத்தனைக்குக் கீழே போனால் நோய் என்கிற பழைய மதிப்பெண் எல்லை செல்லாது. அதே ஊர் ஆட்களிடம் மறுபடி சரிபார்க்க வேண்டும். பணம் ஒதுக்கி, ஆள் எடுத்து, தாளும் அச்சடித்த பிறகு இதை யார் செய்வார்கள்? எங்கள் ஆய்வில் செய்யவில்லை. அந்த அம்மாயியைத் திட்டம் போடுகிற நாளிலேயே பக்கத்தில் உட்காரவைத்திருந்தால், எந்தக் கேள்வி இங்கே பொருந்தாது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

உலக அளவிலும் இதே கதைதான். நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம் பேர், வளரும் நாடுகளில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நடந்த ஆராய்ச்சியோ 10 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கணக்கையே பெயராக வைத்து 1998-ல் '10/66' என்று ஓர் ஆய்வுக் குழு தொடங்கியது. சென்னையிலும் வேலூரிலும் அவர்கள் வேலை செய்தார்கள். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 7.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று, நாடு முழுக்க முதியவர்களிடம் நடந்த லாசி-டாட் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. கிராமத்தில் அதிகம், பெண்களுக்கு அதிகம். அப்படியானால் திட்டமிடும் மேசையில் யார் உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் அங்கே வழக்கமாக உட்காருகிறவர் ஓய்வுபெற்ற வாத்தியார், இல்லாவிட்டால் ஊர்த் தலைவர். நல்ல மனிதர்கள்தான், மாவட்டத்தில் எந்தக் கமிட்டி என்றாலும் அவர்கள்தான்.

இரண்டாம் வருடம் எங்கள் மேற்பார்வையாளர் கொஞ்சம் இறங்கி வந்து, பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கலாம் என்றார். இங்கே 'பலதரப்பு' என்பது வெறும் வார்த்தை இல்லை. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றாலே தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் காதில் விழும். படுகர் வீட்டில் படுகு. பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் தங்களுக்குள் பேசுவது வேறு. எல்லோரையும் ஒரே ஹாலில் போட்டதுதான் எங்கள் முதல் தப்பு. தமிழ் நன்றாகப் பேசுகிற நாலு ஆண்கள் பேசினார்கள், மற்றவர்கள் டீ குடித்தார்கள். அப்புறம் தனித்தனியாக, அவரவர் இடத்திலேயே, பெண்களுக்குத் தனியாக என்று பிரித்தோம்.

எங்கள் தாளில் இருந்ததெல்லாம் யாருக்கு நோய், எத்தனை வருடம், என்ன மருந்து. அவர்கள் கேட்டது வேறு. ஒரு பாட்டி கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க வூட்டுக்காரரு கதவத் தொறந்துட்டு வேலைக்குப் போறேன்னு கெளம்புறாரு. வெளிய யானை நிக்கும். கட்டிப்போடவும் மனசு வரல. என்ன பண்றதுன்னு உங்க ஆராய்ச்சியில இருக்கா?" இல்லை. நகரத்தில் வழி தவறிப்போனால் போலீஸ் தேடும். இங்கே யானையும் கரடியும் காட்டுமாடும் உலவுகிற வழியில் போகிறார்கள். ஆராய்ச்சி புரியாது என்றீர்களே, அன்றைக்கு அந்த அறையில் உருப்படியான ஆராய்ச்சிக் கேள்வி கேட்டது அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்தக் குறைபாடு முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். அதாவது எழுபது வருடத்துக்கு மேலாக இங்கே யாராவது வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். "எடுத்துட்டுப் போனீங்க, என்ன இருந்துச்சுன்னு யாரு வந்து சொன்னா?" என்று ஒரு பணியர் தாத்தா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. லயன் வீட்டில் பயம் வேறு மாதிரி. புத்தி சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ? கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. அந்தச் சாட்சி தோட்டத்து அலுவலக ஆளாக இருந்தால் பயம் இரட்டிப்பாகும். இதையும் பெரியவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், ஒரு நாள் கூலியும் பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள். வயசானாலும் பலர் இன்னும் கூலிக்குத்தான் போகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் கூட்டம் வைக்காதீர்கள். காது கேட்காதவரை "இவர் வேண்டாம்" என்று ஒதுக்காதீர்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் 14 காரணிகளில் காது கேளாமையும் உண்டு, படிப்பு குறைவும் உண்டு. ஆரம்ப நிலையில் இருக்கும் நோயாளிகளையும் கூப்பிடுங்கள். பலர் காலையில் தெளிவாகப் பேசுவார்கள், மதியத்துக்கு மேல் சிலருக்கு முடியாமல் போகும்.

பெரியவர்கள் சொன்னதையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொள்ளவும் இல்லை. படுக்கையில் சிறுநீர் போவது பற்றிய கேள்வியை எடுத்துவிடச் சொன்னார்கள் ஆண்கள், மானம் போகுமாம். பெண்கள் கூட்டத்தில் அதைத்தான் ஒரு மணி நேரம் பேசினார்கள், துவைப்பது அவர்கள்தானே! கேள்வியை விட்டுவைத்தோம்.

"ராத்திரி கதவை என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்தோம். வெளியே பூட்டுகிறோம், கட்டிலைக் குறுக்கே போடுகிறோம், சேலை முனையை என் கையில் முடிந்துகொள்கிறேன் என்று விதவிதமாகப் பதில் வந்தது. என்னைக் கேள்வி கேட்ட அதே பணியர் தாத்தா, மாட்டு மணியைக் கதவில் கட்டு, பூட்டாதே என்றார். இப்போது எங்கள் வீட்டுக் கதவிலும் ஒன்று தொங்குகிறது. போன வாரம் இரண்டு தடவை அடித்தது.