ஏரி வரை சீட்டு செல்லுமா?

டோக்கியோவில் தங்கியிருந்து, ஒரே நாளில் தனியாக ஒரு மலை ஏரிக்கு நடந்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசையில் வந்த கடிதங்கள் இந்த முறை. அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே வழியைத்தான். அசாகுசாவில் தோபு ரயில் ஏறி நிக்கோ. அங்கிருந்து பஸ்ஸில் இரோஹாஸகா கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ரியூஸு அருவி. அங்கே இறங்கி சென்ஜோகஹாரா சதுப்புநிலம் வழியாக நடந்து, யுதாகி அருவியை ஒட்டிய படிகளில் ஏறினால் 1,478 மீட்டர் உயரத்தில் யுனோகோ ஏரி. ஆறேழு கிலோமீட்டர்தான், நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 'நிக்கோ பாஸ்' என்று பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். ஏரிக்குப் போகும் பஸ்ஸில் இறங்கும்போது, இது இங்கே செல்லாது என்று டிரைவர் பணம் வாங்கிவிட்டார். ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, கோவை)

இல்லை அம்மா, டிரைவர் மேல் தப்பில்லை. தோபு நிறுவனம் நிக்கோவுக்கு இரண்டு பாஸ் விற்கிறது. ஒன்று உலகப் பாரம்பரியப் பகுதிக்கு, இரண்டு நாள். அதில் தோஷோகூ முதலான கோயில்களைச் சுற்றி மட்டுமே பஸ். மற்றொன்று முழுப் பகுதிக்கும், நான்கு நாள். சூசென்ஜி ஏரி, சென்ஜோகஹாரா, யுனோகோ கரையில் உள்ள யுமோதோ எல்லாம் இதில்தான் வரும். உங்கள் கையில் இருந்தது முதலாவது. விலை குறைவாகத் தெரிந்ததும் பட்டனை அழுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நிக்கோவில் இருந்து யுமோதோ வரை பஸ் கட்டணம் ஒரு வழிக்கே சுமார் 2,000 யென் என்பதால், மலை மேல் போகிறவர்களுக்குப் பெரிய பாஸ்தான் லாபம். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பேசியா போன்ற சிறப்பு விரைவு ரயிலுக்கான கூடுதல் கட்டணம் எந்தப் பாஸிலும் கிடையாது.

கேள்வி: ஏழு நாள் ஜேஆர் பாஸ் வாங்கிவிட்டேன். டோக்கியோவிலேயேதான் இருப்பேன், ஒரு நாள் மட்டும் நிக்கோ ஏரி. சரியான முடிவுதானே? (வாசகர், ஓசூர்)

தவறான முடிவு. நாடு முழுவதும் ஜேஆர் ரயில்களில் செல்லும் அந்தப் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யெனில் இருந்து 50,000 யென் ஆனது. ஊர் ஊராகப் புல்லட் ரயிலில் சுற்றுகிறவர்களுக்கே இன்று அது கட்டுப்படியாகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரே ஒரு நாள் பயணம். அதிலும் ஏரிக்கு ஏறும் பஸ் தோபுவுடையது. அங்கே ஜேஆர் பாஸ் செல்லாது. ஜப்பானில் கொடுத்துப் பாஸாக மாற்றிக்கொள்ளும் மாற்றுச் சீட்டுதான் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்றால், விற்ற ஏஜென்ட்டிடமே இன்றைக்கே ரத்து செய்யச் சொல்லுங்கள். பிடித்தம் போகத்தான் கிடைக்கும். இவ்வளவு பெரிய தொகையைக் கட்டிய பிறகு கேட்டால் நான் எப்படி உதவ முடியும்? கட்டுவதற்கு முன்னால் எழுதுங்கள்.

கேள்வி: கரடி மணி அவசியமா? (மாணவர், திருச்சி)

அவசியம் தம்பி. பையில் கட்டிய மணி சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிப் போகும். தனியாக நடப்பவருக்கு இரட்டிப்பு அவசியம்.

கேள்வி: ட்ரெக்கிங் பூட்ஸ் ஒன்றை ஸ்டாக் கிளியரன்ஸில் பாதி விலைக்கு வாங்கினேன். இரண்டு வருடமாகப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை, புத்தம் புதுசு. யுனோகோ நடைக்கு நம்பிப் போடலாமா? (வாசகர், சென்னை)

நம்பாதீர்கள். இதை நான் பட்டு அறிந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நானும் அப்படி ஒரு விற்பனையில்தான் வாங்கினேன். மூன்று வருடம் அலமாரியில் வைத்திருந்து, ஆசையாக நிக்கோவுக்கு எடுத்துப் போனேன். சென்ஜோகஹாரா பலகைப் பாதையில் பாதி தூரம் போயிருப்பேன், இடது குதிகாலில் 'சப்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் அடிப்பாகம் வாயைப் பிளந்து தொங்குகிறது. உள்ளே மஞ்சளாக, காய்ந்த கேக் மாதிரி ஏதோ உதிர்ந்து பலகையில் கொட்டிக் கிடக்கிறது. பின்னால் வந்த ஒரு ஜப்பானிய அம்மா, தண்ணீர்ப் புட்டியில் சுற்றி வைத்திருந்த டேப்பைப் பிரித்து, மண்டியிட்டு என் பூட்ஸைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் வலது காலும் அதே கதி. ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது நான் பார்த்தது என் கால்களைத்தான், ஏரியை அல்ல.

காரணம் இதுதான். பல ட்ரெக்கிங் பூட்ஸில், மேலே உள்ள தோலுக்கும் கீழே உள்ள ரப்பருக்கும் நடுவில் பாலியூரித்தேன் மெத்தை இருக்கும். காற்றில் உள்ள ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதே வினை. ஜப்பானில் மலையேறுகிறவர்கள் 'கசுய்புன்காய்' என்று இதைச் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். ஏறக்குறைய ஐந்து வருடம் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஐந்து வருடம் தொழிற்சாலையில் செய்த நாளில் இருந்து ஓடுகிறது, நீங்கள் போட்ட நாளில் இருந்து அல்ல. சென்னைப் புழுக்கத்தில் மூடிய பெட்டிக்குள் இருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். பசை போட்டு ஒட்டுவதும் வீண், ஏனென்றால் ஒட்டுவதற்குப் பிடிமானமான பொருளே அங்கே மிச்சம் இருக்காது.

என் கோபம் கடைக்காரர் மேல்தான். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கக் கற்றுக்கொண்ட நமக்கு, பூட்ஸுக்கும் வயது உண்டு என்று யாருமே சொல்வதில்லை. சரக்கு எத்தனை வருடம் கிடங்கில் கிடந்தது என்று விற்கிறவருக்குத் தெரியும். தெரிந்தே பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பூட்ஸை மட்டும் கூடையில் குவித்து 'புதுசு' என்று விற்கிறார். இது தள்ளுபடி இல்லை, ஏமாற்று.

பூட்ஸில் லேஸுக்கு அடியில் வரும் நாக்குப் பகுதியின் உள்ளே இருக்கும் லேபிளில் தேதி தேடுங்கள். நடுமெத்தையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் வீட்டோடு விட்டுவிடுங்கள். ஷின்ஜுகுவில் மலையேற்றப் பூட்ஸ் வாடகைக்கே கிடைக்கிறது.

அப்புறம், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. உங்கள் விஷயத்தில் அந்த நாள் கடந்துவிட்டது, வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை வாங்கிய வாரமே போட்டு நடந்து பாருங்கள்.

கேள்வி: மழைக்கு 700 ரூபாய் ஜாக்கெட் போதுமா? (வாசகி, சேலம்)

லேபிளில் 'வாட்டர் ரெப்பெலன்ட்' என்று மட்டும் இருந்தால் போதாது. அது தூறலுக்கு. நானும் ஒன்று வாங்கி யுதாகி படிகளில் பனியன் வரை நனைந்தேன்.

கேள்வி: டேட்டா மட்டும் உள்ள இசிம் (eSIM, போனிலேயே இறக்கிக்கொள்ளும் சிம்) மலிவாகக் கிடைத்தது. மலையில் அடிபட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியுமா? (வாசகர், பெங்களூர்)

அந்த இசிம்மில் முடியாது. 119 ஆம்புலன்ஸ், 110 போலீஸ். இரண்டுக்கும் குரல் அழைப்பு வசதி வேண்டும். விற்கிற தளங்கள் இதைப் பொடி எழுத்தில் எங்கோ கடைசியில் போடுகின்றன. உங்கள் இந்திய சிம்மில் ரோமிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு, இணையத்துக்கு மட்டும் அந்த இசிம்மைப் பயன்படுத்துங்கள். வரைபடத்தை முதல் நாள் இரவே விடுதியில் இறக்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் டிராவல் ஏஜென்ட் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, நிக்கோ ஸ்டேஷனில் வழிகாட்டி காத்திருப்பார் என்றார். இரண்டு மணி நேரம் நின்றேன், யாரும் வரவில்லை. பயந்துகொண்டே தனியாக ஏரி வரை போய் வந்தேன். இப்போது பணம் கேட்டால், 'அதுதான் நல்லபடியாகப் பார்த்துவிட்டீர்களே' என்கிறார். (வாசகி, மதுரை)

படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்நிய ஊர் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நீங்கள் எதிலும் அசட்டையாக இல்லை. பணம் கட்டினீர்கள், ரசீது வாங்கினீர்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நின்றீர்கள். நீங்கள் துணிந்து நடந்ததை அவர் தன் சேவையாகக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

இது தெளிவான சேவைக் குறைபாடு. முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: என்ன பேசினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், 15 நாளில் முழுத் தொகையும் வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தக் கட்டணத்துக்கு உடனே ஆட்சேபம் (டிஸ்ப்யூட்) எழுப்புங்கள், அதற்குக் காலக்கெடு குறைவு. கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மசியவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. அலைந்ததற்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு சேர்த்தே கேளுங்கள்.

அந்த 'நல்லபடியாகப் பார்த்துவிட்டீர்களே' வாட்ஸ்அப்பில் வந்ததா? வழிகாட்டி வரவில்லை என்பதை அவர் மறுக்கவே இல்லை பாருங்கள். அவர் அழிப்பதற்குள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.