அடர்த்தி கூடினால் ஒலியின் வேகம் கூடும், ஒளியின் வேகம் குறையும் என்பது சரியா?

பள்ளிக்கூடத்தில் நானும் அப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். இரண்டு பாதியுமே தப்பு.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஊருணியின் எதிர்க்கரையில் யாராவது துணி துவைப்பதைப் பாருங்கள். துணி கல்லில் விழும்போது சத்தமே இருக்காது. அடுத்த அடிக்குக் கை மேலே போகும்போதுதான் ‘தப்’ என்று கேட்கும். எங்கள் வெயிலில் ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். இடைவெளி 175 மீட்டர் என்றால் அரை வினாடி தாமதம். அதுவே தண்ணீருக்குள் சுமார் 1,500 மீட்டர், இரும்பில் 5,000 மீட்டருக்கு மேல்.

இந்த வரிசையைப் பார்த்துத்தான் அடர்த்தி என்று முடிவுகட்டிவிடுகிறோம். சரி, ஈயம் இரும்பைவிடக் கனமாயிற்றே? அதில் ஒலிக்கு இரும்பில் போகிற வேகத்தில் பாதிகூட இல்லை. வளவில் கிடக்கும் தேக்கு ஊஞ்சல் பலகை தண்ணீரில் மிதக்கும். ஆனால் மரத்தின் ரேகையோடு ஒலி அதில் 4,000 மீட்டர் அளவுக்கு ஓடும். விஷயம் விறைப்பில் இருக்கிறது. ஒரு துகளைத் தள்ளினால் அடுத்தது எவ்வளவு வெடுக்கென்று எதிர்த்துத் தள்ளுகிறதோ அவ்வளவு வேகம். கனம் அதைப் பின்னுக்கு இழுக்கத்தான் செய்யும்.

(சின்ன வயதில் அந்தப் பலகையின் ஒரு முனையில் நான் காதை வைப்பேன், மறுமுனையில் தம்பி நகத்தால் சுரண்டுவான். காதுக்குள்ளேயே சுரண்டுவதுபோல் இருக்கும். ஆனால் அது வேகத்துக்குச் சாட்சி இல்லை. சத்தம் சிதறாமல் வந்தது, அவ்வளவுதான்.)

ஒளிக்குப் பொருளே வேண்டாம். வெற்றிடத்தில் வினாடிக்கு 2,99,792 கி.மீ. பொருளுக்குள் நுழைந்தால் அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டிவிடும். அவை கிளப்பும் அலைகளும் சேர்ந்துகொள்ள, மொத்த அலை பிந்திப்போகும். தண்ணீரில் 2.25 லட்சம், கண்ணாடியில் சுமார் 2 லட்சம். இங்கேயும் அடர்த்தி கணக்கு உதைக்கும்: நல்லெண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆனால் ஒளி தண்ணீரைவிட அதில்தான் மெதுவாகப் போகிறது.

எனக்குப் பிடித்தது ஆயாவின் வைரத்தோடு. அதற்குள் ஒளி 1.24 லட்சம் கி.மீ.க்கு இறங்கிவிடும், பாதிகூட மிஞ்சாது. ஒலிக்கோ அந்த வைரம்தான் ராஜபாட்டை, வினாடிக்குச் சுமார் 18 கி.மீ. அப்படியும் ஒளி கிட்டத்தட்ட 7,000 மடங்கு முந்தும்.