பினியலை அகற்றிய பிறகும் எலியின் திசுவில் மெலடோனின் ஏன்?

கேள்வி: ஆய்வுக்காக எலிகளின் மூளையிலுள்ள பினியல் சுரப்பியை அகற்றினேன். இரவில் எடுத்த ரத்தத்தில் மெலடோனின் என்ற ஹார்மோன் அநேகமாக இல்லை. ஆனால் கண்ணுக்குப் பின்னாலுள்ள ஹார்டேரியன் சுரப்பியிலும் குடலிலும் அது இன்னும் இருக்கிறது. அறுவை சிகிச்சை தவறிவிட்டதா? அடுத்து சி57பிஎல்/6 என்ற ஆய்வக இனச் சுண்டெலிகளில் இதையே செய்து, செரட்டோனினையும் அளக்க எண்ணுகிறேன்.

பதில்: தவறவில்லை. இரவில் ரத்தத்தில் மெலடோனின் ஏறுவது பினியலால்தான். அந்த ஏற்றம் நின்றுவிட்டது. பொய் அறுவை (பினியலை அகற்றாமல் மற்றதையெல்லாம் அப்படியே செய்வது) செய்த எலிகளில் அது அப்படியே இருக்கிறது என்றால் வேறு சான்று தேவையில்லை. வெளியே எடுத்த துண்டை மட்டும் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். பினியலின் மேலேயே பெரிய சிரைக்குழி ஓடுவதால் ரத்தக் கசிவில் ஒரு துணுக்கு உள்ளேயே தங்கிவிடுவது உண்டு.

மெலடோனின் மூளைக்கு மட்டும் உரியதன்று. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து செரட்டோனின், அதில் அசெட்டைல் சேர்ந்தால் என்-அசெட்டைல் செரட்டோனின், அதன் மேல் மெத்தில் சேர்ந்தால் மெலடோனின். இந்த வழிக்குரிய நொதிகள் விழித்திரை, குடல், ஹார்டேரியன் சுரப்பி ஆகியவற்றிலும் காணப்பட்டிருக்கின்றன. அங்கே உண்டாவது பெரும்பாலும் அங்கேயே செலவாகிறது. பினியல் போன பிறகு ரத்தத்தின் இரவு ஏற்றத்தை அது ஈடுகட்டுவதில்லை. உங்கள் இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்படாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஒரு திசுவில் மெலடோனின் இருப்பது வேறு, அந்தத் திசு அதை உற்பத்தி செய்வது வேறு. இந்த வேறுபாட்டைக் கைவிட்டு எழுதப்படும் ஆய்வு எதையும் என்னால் ஏற்க முடியாது. மெலடோனின் கொழுப்பில் எளிதாகக் கரையும்; ஹார்டேரியன் சுரப்பியோ கொழுப்பு நிறைந்தது. ரத்தத்தின் வழியே வந்த மெலடோனினும் அதில் தங்கக்கூடும். குடலில் சிக்கல் இன்னும் அதிகம். தானியத் தீவனத்திலேயே மெலடோனின் உண்டு. போதாததற்கு எலி தன் புழுக்கையையும் தின்னும். ஆகவே குடலை அளக்கும்போது இரையின் எச்சத்தை நன்றாகக் கழுவிவிட்டுத் திசுவை மட்டும் எடுங்கள். உற்பத்தியை நிரூபிக்க வேண்டுமானால், உயிருள்ள திசுத் துண்டுக்கு ஐசோடோப்பால் குறியிட்ட டிரிப்டோஃபானைக் கொடுத்து, குறியிட்ட மெலடோனின் வெளிவருகிறதா என்று பார்ப்பதே நேர்வழி.

ஹார்டேரியன் சுரப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1694-இல் ஜோஹான் ஜேக்கப் ஹார்டர் மானில் விவரித்த சுரப்பி இது. கொறிணிகளில் நன்கு பெரிதாக, கண்குழிக்குள் விழியின் பின்புறத்தை அணைத்தபடி கிடக்கும். இதில் போர்ஃபிரின் என்ற நிறமி ஏராளம். அறுவைக்குப் பின் எலியின் கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் இந்த நிறமிதான். புற ஊதா விளக்கைக் காட்டினால் சிவந்து ஒளிரும். ஆனால் அதை அலட்சியம் செய்யவும் கூடாது. எலி நோவிலோ மன அழுத்தத்திலோ இருக்கிறது என்பதன் அறிகுறி அது. வலிநீக்கி போதுமா என்று உடனே பாருங்கள்.

அதே நிறமி உங்கள் அளவீட்டையும் கெடுக்கும். ஒளிர் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது அது தானாகவே சிவப்பாக ஒளிரும் என்பதால், சாயம் ஏற்றாத வெட்டு ஒன்றைக் கட்டாயம் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் போர்ஃபிரின் ஆக்சிஜனைத் தூண்டி அருகிலுள்ள மூலக்கூறுகளைச் சிதைக்கும். ஆகவே மங்கிய சிவப்பு விளக்கில் சுரப்பியை எடுத்து உடனே உறையவைத்துவிடுங்கள். இன்னொன்று, கண்குழி வழியாக ரத்தம் எடுத்த எலியின் ஹார்டேரியன் சுரப்பி அளவீட்டுக்கு உதவாது. குழாய் நுழையும் சிரைப்பின்னல் சுரப்பியை ஒட்டியே இருக்கிறது; சுரப்பி கிழிந்து ரத்தம் ஊறியிருக்கும். வெள்ளெலிக்கு (ஹாம்ஸ்டர்) போனால் ஆணையும் பெண்ணையும் கலக்காதீர்கள். பெண்ணின் சுரப்பியில் போர்ஃபிரின் பல மடங்கு அதிகம்.

செரட்டோனின் அளவீட்டில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். உடலிலுள்ள செரட்டோனினில் சுமார் 95 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதைச் செய்யும் முதல் நொதிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பது 2003-இல் தெரியவந்தது. குடலிலும் பினியலிலும் முதல் வடிவம், மூளை நரம்பணுக்களில் இரண்டாவது வடிவம். ரத்த-மூளைத் தடுப்பைச் செரட்டோனின் தாண்டாது. ஆகவே சுரப்பியில் கிடைத்த அளவைக் கொண்டு மூளையைப் பற்றிப் பேசாதீர்கள். ரத்தத்தில் அளப்பதானால் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மம்) வேண்டாம். 1948-இல் செரட்டோனினை முதலில் பிரித்தெடுத்ததே சீரத்திலிருந்துதான். உறையும்போது தட்டணுக்கள் தாங்கள் சேமித்து வைத்திருந்ததைக் கொட்டிவிடுகின்றன. தட்டணு நீக்கிய பிளாஸ்மாவை எடுங்கள். எலி, சுண்டெலி இரண்டிலும் திசுக்களில் பரவியிருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களிலும் செரட்டோனின் இருக்கிறது. ஆகவே எந்தச் சுரப்பியில் கிடைத்தாலும், டொலுயிடின் நீலம் ஏற்றி மாஸ்ட் செல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்த பிறகே அது சுரப்பியின் சொந்தச் செல்லுடையது என்று எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் சுண்டெலித் திட்டம். சி57பிஎல்/6 இனத்தில் அசெட்டைல் சேர்க்கும் நொதியின் மரபணுவே பழுது. பினியல் இருந்தும் மெலடோனின் மிக மிகக் குறைவு. அந்தப் பழுது உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும். எனவே அந்த இனத்தின் ஹார்டேரியன் சுரப்பியில் எதிர்ப்பொருள் சோதனை நிறைய மெலடோனின் காட்டினால், மகிழ்வதற்கு முன், மூலக்கூறை அதன் நிறையால் அடையாளம் காணும் நிறைநிறமாலை முறையில் சரிபாருங்கள். எதிர்ப்பொருள் ஒத்த அமைப்புள்ள வேறொன்றைப் பிடித்திருக்கலாம். பினியலை அகற்றி ஒப்பிடுவதே நோக்கம் என்றால் சி3எச் அல்லது சிபிஏ இனத்தை வாங்குங்கள். சி3எச்சில் விழித்திரை சீக்கிரமே சிதைந்துவிடும். விழித்திரையையும் அளக்கப்போகிறீர்கள் என்றால் சிபிஏவை எடுங்கள், ஆனால் அதிலும் இதே விழித்திரைக் கேடுள்ள துணையினங்கள் உண்டு என்பதால் வாங்கும்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.