அமெரிக்காவுல பிளேன் ஓட்டுற மகன் மதுரையில ஓட்டலாமா?

கேள்வி: என் மகன் டல்லாஸ்ல வேலை பாக்குறான். ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் வாங்கிட்டானாம். பொங்கலுக்கு வந்தா மதுரையில சின்ன பிளேன் ஒண்ணு வாடகைக்கு எடுத்து எங்க மூணு பேரையும் ஏத்திக்கிட்டு மீனாட்சியம்மன் கோபுரத்த மேல இருந்து காட்டுறேங்கிறான். நடக்குமா? அவங்க அப்பா ரொம்ப பயப்படுறாரு.
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: பிளேன் ஓட்டக் கத்துக்கிட்டது பெரிய விஷயம்க்கா, தம்பிக்கு என் வாழ்த்த சொல்லுங்க. ஆனா பொங்கல் பிளான் நடக்காது. அது அமெரிக்காவோட விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ குடுக்குற லைசென்ஸ், வேற நாட்டுல ஓட்டணும்னா அந்த நாட்டு அனுமதிய முன்னாடியே வாங்கணும்னு அவங்க சட்டமே சொல்லுது, இங்க நம்ம நாட்டு பிளேன ஓட்ட நம்ம விமானத்துறை அமைப்பான டிஜிசிஏவோட லைசென்ஸ் வேணும்.

மூணு பேருங்கிறது அங்கயே ஆகாது. பைலட் போக ஒரே ஒரு ஆளுதான் ஏறலாம். 2025 அக்டோபர்ல விதிய தளத்தி நாலு சீட் பிளேனும் ஓட்டலாம்னு விட்டாங்க, அப்பவும் அந்த ஒரு ஆளு கணக்க மாத்தல, அது சரின்னுதான் நான் நெனைக்கிறேன். ஏன்னா இதுக்கு மேல்படியான பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு குறைஞ்சது 40 மணி நேரம் பறந்து பழகணும், ஸ்போர்ட் பைலட்டுக்கு 20 போதும், மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கு பதிலா கார் லைசென்ஸ் இருந்தாலே போதும் (கடைசியா மெடிக்கலுக்கு போட்டு ரிஜெக்ட் ஆயிருந்தா அந்த சலுகை கிடையாது). பயிற்சி கம்மிங்கிறதால தரை கண்ணுக்கு தெரியணும், சுமார் 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவா தெரியணும், பொதுவா 10,000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டிப் போட்டிருக்காங்க. ராத்திரி ஓட்டுறது முன்னாடி அறவே கிடையாது, இப்ப தனியா பயிற்சி எடுத்து மெடிக்கல் தகுதியும் இருந்தா ஓட்டலாம்.

நீங்க டல்லாஸ் போறப்ப பகல்ல ஒவ்வொருத்தரா ஏறிப் பாருங்க. அந்த ஊர சுத்தி பெரிய ஏர்போர்ட்டோட கண்ட்ரோல் ஏரியா இருக்கு, அதுக்குள்ள போக தனி பயிற்சி எடுத்து இன்ஸ்ட்ரக்டர் கிட்ட லாக்புக்ல (பறந்த கணக்கு எழுதுற நோட்டு) கையெழுத்து வாங்கியிருக்கணும், ஏறுறதுக்கு முன்னாடி அத காட்டச் சொல்லுங்க. அவங்க அப்பாவுக்கும் தைரியமா இருக்கும்.

கேள்வி: அதே லைசென்ஸ் வச்சிருக்க என் மச்சினன் பிரெண்டுகள கூட்டிப்போயி காசு வாங்கலாமான்னு கேக்குறான்.
- வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டவே வேண்டாம்ணே. ஒயிட் போர்டு கார வாடகைக்கு ஓட்டுற மாதிரிதான் இது. பெட்ரோல், ஆயில், ஏர்போர்ட் கட்டணம், பிளேன் வாடகை இந்த நாலுல மட்டும் கூட வர்றவர் பங்கு போடலாம், அதுலயும் பாதியாவது உங்க மச்சினன் கையில இருந்துதான் போகணும். நிறைய பேருக்கு தெரியாதது என்னன்னா கம்பெனி வேலையா வேற ஊர் மீட்டிங்குக்கு பறந்து போறதுகூட கூடாது, அது தொழிலுக்காக ஓட்டுனதா ஆயிரும். காசுக்கு ஓட்டணும்னு ஆசை இருந்தா கமர்ஷியல் லைசென்ஸ் வரைக்கும் படிக்கச் சொல்லுங்க, அதுக்கு மணிக்கணக்கும் கூட, மெடிக்கலும் கட்டாயம்.