பட்டறைக் கேள்வி-பதில்: ஹேண்டில்பார் மீட்டர் 13.1 காட்டினால்…

கேள்வி: என் 350 சிசி பைக்குக்கு ஆறு வயதாகிறது. யு.எஸ்.பி. சார்ஜரோடு சேர்ந்து வரும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டினேன். எவ்வளவு முறுக்கினாலும் 13.1-ஐத் தாண்டவில்லை. சிக்னலில் நின்றால் 12.4. பேட்டரிக்குப் போகும் சார்ஜை அளவாக வைக்கும் ரெகுலேட்டரை மாற்றச் சொல்கிறார் எங்கள் மெக்கானிக். ஆனால் காலையில் செல்ஃப் ஒரே அழுத்தில் எடுத்துவிடுகிறது. மாற்றிவிடட்டுமா சார்?
- வாசகர், பல்லடம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. சார்ஜ் ஏறாத வண்டி தினமும் ஒரே அழுத்தில் எடுக்காது. சில நாளிலேயே ரிலே 'டக் டக்'கென்று அடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். எனக்குச் சந்தேகம் உங்கள் மீட்டர் மேலும், அதற்குப் போகும் ஒயர் மேலும்தான்.

மல்டிமீட்டர் ஒன்று கடன் வாங்குங்கள். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஒயர் '10ஏ' என்று போட்டிருக்கும் ஓட்டையில் இருந்தால் மாற்றிச் செருகுங்கள்; அப்படியே பேட்டரியில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும். மல்டிமீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் அதுவும் கூட்டிக் காட்டும். அந்த ஏமாற்றம் எனக்கே நடந்திருக்கிறது.

இரவெல்லாம் நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரி முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். 12.6-க்குக் குறையாமல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஹெட்லைட் எரிய முறுக்குங்கள். ஆர்பிஎம் மீட்டர் இல்லையென்றால் டாப் கியரில் அறுபதில் போகும்போது வரும் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; அந்த அளவு போதும். 13.8-லிருந்து 14.5-க்குள் நின்றால் ரெகுலேட்டரைத் தொட வேண்டாம். 15-ஐத் தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும், பேட்டரியை வேகவைத்துவிடும்.

முறுக்கியும் பேட்டரியிலேயே 13-க்கு மேல் ஏறவில்லையென்றால்தான், இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலுக்குப் போக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அதிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர் வரும். ஒயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில், முறுக்க முறுக்க ஏறினால் காயில் நல்லது. பழுது ரெகுலேட்டர் பக்கம். ஒரு ஜோடி மட்டும் சோர்ந்திருந்தால் காயில் போய்விட்டது.

இன்னொன்று. ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'நிற்கிறதா பார்' என்று சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதைச் செய்தால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே போகலாம்.

சரி, உங்கள் 13.1-க்கு வருவோம். வண்டி ஓடும்போதே மல்டிமீட்டரை ஹேண்டில்பார் மீட்டரின் இரண்டு ஒயரிலும் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 14.2, இங்கே 13.6, மீட்டர் முகத்தில் 13.1 என்று வைத்துக்கொள்வோம். 0.6 வோல்ட்டை வழியில் ஒயர் தின்கிறது. மீதி 0.5 மீட்டரே சொல்லும் பொய். முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு வைத்தியம் கிடையாது, மனதுக்குள் 0.5 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒயரில் எங்கே தின்கிறது என்று பார்க்க, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மீட்டரின் பிளஸ் ஒயரிலும் வையுங்கள். எவ்வளவு இழப்போ அது நேராக வரும். கறுப்பு முனையை ஃப்யூஸ், சாவி சுவிட்ச், கப்ளர் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்தினால் திடீரென்று குறையும் இடம்தான் திருடன். எர்த் (மைனஸ்) பக்கமும் இதே மாதிரி பார்க்க வேண்டும்.

போன ஐப்பசி மழையில் ஒரு பால்காரர் வந்தார். வேறெங்கோ புது பேட்டரி, புது ரெகுலேட்டர் எல்லாம் போட்டாயிற்று, மீட்டர் மட்டும் 13.2-லேயே நிற்கிறது. பேட்டரியில் வைத்தால் 14.3. சீட்டுக்கு அடியில் ஃப்யூஸ் ஹோல்டரின் ஒரு கால் முழுக்கக் களிம்பு, பிளாஸ்டிக் வெந்து பழுப்பாகிக் கிடந்தது. புது ஹோல்டர் போட்டதும் மீட்டர் 13.9-க்கு ஏறியது. செலவு 60 ரூபாய். கழற்றிய பழைய ரெகுலேட்டரை அவர் சைடு பாக்ஸில் பத்திரமாக வைத்திருந்தார். மாட்டிப் பார்த்தேன், அதிலும் 14.3.

கேள்வி: ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது செல்போன் ஜிபிஎஸ் 55 என்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?
- வாசகர், ஓமலூர்

பதில்: இல்லை. வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பதுதான் விதி. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39-ன்படி, உண்மை வேகத்துக்கு மேல் 10 சதவீதமும் 4 கிலோமீட்டரும் வரை கூடலாம். நிஜமான 55-க்கு மீட்டர் 63 காட்டினாலும் அதற்குள் அடங்கும். பின் சக்கரத்திலிருந்து வேகம் எடுக்கும் வண்டியில் பின் டயர் தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டும். மீட்டர் ஜிபிஎஸ்ஸைவிடக் குறைத்துக் காட்டினால் எழுதுங்கள், பெரும்பாலும் பெரிய சைஸ் டயர் மாட்டியிருப்பீர்கள்.