யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் சட்டத்தின் அடியில் சின்னத் துளைகள் எதற்கு?

அவை மழைநீர் வடியும் துளைகள். சறுக்கு ஜன்னலின் தடத்துக்குள் சாரல் புகுவது இயல்பு. அந்த நீரை வெளியே விடத்தான் அவை. மொட்டைமாடிக் குழாயின் வாயை இலை அடைத்தால் தண்ணீர் தேங்குமே, அப்படித்தான் துளை அடைத்தால் தடம் நிரம்பி நீர் அறைக்குள் வழியும்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் லாரி ஓடும் சாலையின் தூசியும் கடல் உப்பும் சேர்ந்து தடத்தில் கறுப்பாக இறுகிவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்துவிடுங்கள். துளையை ஈர்க்குச்சியால் குத்தி, தடத்தில் ஒரு டம்ளர் நீர் ஊற்றிப் பாருங்கள்; தேங்காமல் வெளியே வடிய வேண்டும். பெயின்ட் தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், சட்டத்தின் பளபளப்பு போய்விடும். ஜன்னல் ஓடும் அடிச் சக்கரங்களுக்குச் சிலிகான் ஸ்ப்ரே போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி அப்பிக்கொள்ளும்.

துளை வழியாகத்தான் மழை உள்ளே வருகிறது என்று நினைத்துப் பலர் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வைத்து அடைக்கிறார்கள். அடைத்த பிறகு நீர் வெளியேற வழியில்லாமல் ஒழுகல் அதிகமாகும்.